ரீமேப் செய்த டர்போ வண்டி மக்கர் பண்ணினால்: அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

"ஏனுங்ணா, ஸ்டேஜ் ஒன் போட்டு ரெண்டு மாசம் சும்மா பறந்துச்சு. இப்ப மேட்டுல அழுத்துனா செத்துப்போகுதுங்ணா. ஃபைல்தான் சரியில்லைன்னு நினைக்கறேன்."

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் டர்போ வண்டி பார்க்கும் எந்தப் பட்டறையிலும் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். ரீமேப் என்பது எஞ்சினை ஆளும் கணினிப் பெட்டியில் (இசியூ) பவரைக் கூட்டும் புது ஃபைலை எழுதுவது, ஸ்டேஜ் ஒன் அதன் முதல் படி. பாதிக்கு மேல் அந்த ஃபைல் மீது தப்பு இருக்காது. கம்பெனி ஒவ்வொரு பாகத்திலும் கொஞ்சம் தாங்குசக்தியை மிச்சம் வைத்துத்தான் வண்டியை வெளியே விடுகிறது. லூசான கிளாம்ப், பாதி அடைத்த டீசல் ஃபில்டர், தேய்ந்த கிளட்ச் எல்லாம் அந்த மிச்சத்துக்குள் ஒளிந்துகொண்டிருக்கும். ரீமேப் அந்த மிச்சத்தை எடுத்துச் செலவழிக்கிறது. ஒளிந்திருந்ததெல்லாம் வெளியே வருகிறது. அதனால் பழைய பழுதை முதலில் தேடுங்கள், ஃபைலை அப்புறம் சந்தேகப்படலாம். ஃபைலே குற்றவாளியாக இருக்கும் இடங்களும் உண்டு, அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## எந்த அறிகுறியானாலும் முதலில்

ஸ்கேனர் போட்டதும் அது காட்டும் பழுதுக் குறியீட்டை, அதாவது கோடை (code), அழிக்காதீர்கள். கோடோடு சேர்த்து, அது விழுந்த நேரத்தில் ஆர்பிஎம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, பூஸ்ட் (டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம்) எவ்வளவு என்று இசியூ ஒரு பதிவு வைத்திருக்கும். அதைப் படம் எடுத்துக்கொண்டு அப்புறம் அழியுங்கள். கேட்காமலே அழித்துவிட்டு "இப்ப ஓட்டிப் பாருங்க" என்று அனுப்பும் கடைக்குத் திரும்பப் போக வேண்டாம்.

ரீமேப் இல்லாமல் டியூனிங் பாக்ஸ் மாட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். டீசலில் அந்தப் பெட்டி செய்வது பெரும்பாலும் ஒரே வேலைதான்: ரெயில் பிரஷர் (டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்களுக்குப் போகும் குழாயின் அழுத்தம்) குறைவாக இருப்பதாக இசியூவிடம் பொய் சொல்லி, பிரஷரை ஏற்ற வைக்கும். பெட்டியைக் கழற்றியதும் பழுது போய்விட்டால் தேடல் அங்கேயே முடிந்தது.

ரீமேப் என்றால், டியூன் செய்தவரிடம் உங்கள் வண்டியில் இருந்து படித்தெடுத்த ஒரிஜினல் ஃபைல் இருக்கிறதா என்று கேளுங்கள். "அதே மாடல் ஃபைல் இருக்குதுங்க, அதைப் போட்டுக்கலாம்" என்று பதில் வந்தால் உஷாராகுங்கள். ஒரே மாடலில் ஒரே வருடத்து வண்டிக்கே இசியூ சாஃப்ட்வேர் எண் மாறும். எண் பொருந்தாத ஃபைலை ஏற்றினால் இல்லாத சென்சாருக்கெல்லாம் கோடு விழும்.

## அறிகுறி 1: அழுத்தினால் இழுவை போகிறது, அணைத்துப் போட்டால் திரும்ப வருகிறது

இது லிம்ப் மோட். இசியூ தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பூஸ்டைக் குறைத்துவிடுகிறது. சமவெளியில் அவிநாசி, பெருந்துறை, சங்ககிரி என்று நெடுஞ்சாலையில் போகும்போது தெரியாது. பண்ணாரி தாண்டித் திம்பம் கொண்டைஊசி வளைவுகள் தொடங்கியதும் காட்டிக்கொடுக்கும். கோடு என்ன என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

### பி 0299: பூஸ்ட் போதவில்லை

டர்போவைக் கழற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். பெரும்பாலும் இது ஓஸில் முடிகிற வேலை.

முதலில் டர்போவில் இருந்து இன்டர்கூலருக்கும் (காற்றைக் குளிர்விக்கும் பாகம்), அங்கிருந்து மேனிஃபோல்டுக்கும் (சிலிண்டர்களுக்குக் காற்று பிரியும் குழாய்) போகும் தடித்த ஓஸ்களைப் பாருங்கள். இணைப்புகளில் லேசான ஆயில் ஈரம் எல்லா டீசலிலும் இருக்கும், அது பயப்பட வேண்டியதில்லை. ஒரு இணைப்பில் மட்டும் ஆயிலில் தூசு ஒட்டிக் கரும்பசையாகத் தடித்து, அதன் நடுவே விசிறி அடித்தது போல ஒரு சுத்தமான கோடு போகிறதா? காற்று வெளியே பீறிடும் இடம் அதுதான். கிளாம்பைக் கழற்றி ஓஸின் உள்விளிம்பை விரலால் ஒரு சுற்று தடவுங்கள். கிளாம்ப் கடித்த பள்ளத்தில் பெரும்பாலும் மயிரிழை போல ஒரு வெடிப்பு தட்டுப்படும். ஐட்லிங்கில் அது மூடியே இருக்கும். பூஸ்ட் ஏறினால்தான் வாய் திறக்கும். அதனால்தான் பட்டறையில் நிறுத்தி ரேஸ் கொடுத்தால் எதுவும் தெரிவதில்லை.

உறுதி செய்ய, டர்போ வாயை அடைத்து, கம்ப்ரஸர் காற்றை ரெகுலேட்டர் வைத்து ஒரு பார் அளவுக்கு மேல் போகாமல் உள்ளே விட்டு, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். பஞ்சர் கடையில் டியூபுக்குச் செய்யும் சோதனைதான். நுரை கிளம்பும் இடத்தில் புது ஓஸும் டி-போல்ட் கிளாம்பும். புழுத் திருகு கிளாம்பை இறுக்கி இறுக்கி ஓஸை அறுப்பதால் பயன் இல்லை.

தடித்த ஓஸ் நன்றாக இருந்தால் மெல்லிய வேக்யூம் குழாய்கள். தோட்டத்து வீட்டில் வண்டி நிற்பவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். கோழித் தீவனம், தேங்காய், கடலை இருக்கும் இடத்தில் எலியும் அணிலும் இருக்கும். எஞ்சின் சூட்டுக்கு பானட்டுக்குள் வந்து படுக்கும், அப்படியே குழாயைக் கடிக்கும். பென்சில் பருமன்கூட இல்லாத குழாய். ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. டர்போவைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டர் வேக்யூமில் இயங்குவது என்றால் ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு ராடைப் பாருங்கள். ஸ்டார்ட் ஆனதும் உள்ளே இழுக்க வேண்டும், அணைத்ததும் திரும்ப வேண்டும். அசையவே இல்லை என்றால் குழாய், சோலனாய்டு, ஆக்சுவேட்டர் டயாஃப்ரம் என்ற வரிசையில் கைப் பம்ப் வைத்துச் சோதியுங்கள். எல்லா டர்போவும் ஒன்றல்ல என்பதையும் மனதில் வையுங்கள். 1.3 மல்டிஜெட் டீசல் எஞ்சினிலேயே 75 குதிரைத்திறன் ஸ்விஃப்டில் சாதாரண வேஸ்ட்கேட் டர்போ (மிஞ்சிய புகையை வெளியே திருப்பும் கதவு உள்ளது), 90 குதிரைத்திறன் எர்டிகாவில் விஜிடி (புகையின் வழியைக் குறுக்கி விரிக்கும் இலைகள் உள்ளது). வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டர் பூஸ்ட் அழுத்தத்தில் அசையும், அதை வேக்யூம் வைத்துச் சோதித்துவிட்டு "போச்சு" என்று தீர்ப்பு சொல்லக்கூடாது.

அடுத்தது மேப் சென்சார், மேனிஃபோல்டு அழுத்தத்தை அளப்பது. சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், ஸ்கேனரில் மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பாருங்கள். வெளிக்காற்றின் அழுத்தத்தையே அது காட்ட வேண்டும்: கோவையில் 960 மில்லிபார் அக்கம்பக்கம், ஈரோட்டில் 990, ஊட்டியில் 770. கோவையில் நின்றுகொண்டு 880 காட்டினால் சென்சாரில் கரி அப்பியிருக்கிறது. கார்புரேட்டர் கிளீனர் அடிக்காமல் சென்சார் கிளீனர் அடித்துக் காயவைத்து மாட்டுங்கள். தேறாவிட்டால் புதுசு.

இவ்வளவும் சரி என்றால்தான் டர்போ பக்கம் போக வேண்டும். விஜிடி இலைகள் கரியில் சிக்கியிருக்கலாம். ஆர்.எஸ்.புரம், காந்திபுரம் நெரிசலில் மட்டுமே மெதுவாக ஓடுகிற வண்டிக்கு இது சகஜம். கழற்றிச் சுத்தம் செய்வது டர்போ ரீகண்டிஷன் கடை வேலை. திரும்பப் பூட்டியதும் ஆக்சுவேட்டரின் ஸ்டாப் ஸ்க்ரூவை ஃப்ளோ பெஞ்சில் வைத்துச் செட் செய்யும் கடையாகப் பாருங்கள், கண்ணளவில் செட் செய்கிற கடை வேண்டாம்.

### பி 0234: பூஸ்ட் அதிகம்

இங்கே ஃபைலைத் தாராளமாகச் சந்தேகப்படலாம். ஆனால் அதற்கு முன் இலைகள் மூடிய நிலையில் சிக்கியிருக்கிறதா, வேஸ்ட்கேட் குழாய் கழன்றிருக்கிறதா என்று ஐந்து நிமிடம் பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் லாக், அதாவது ஓடும்போது இசியூ தரும் எண்களின் பதிவு, எடுக்க வேண்டும். காலி ரோட்டில் மூன்றாவது கியர், 1500 ஆர்பிஎம்மில் இருந்து 4000 வரை முழு அழுத்தம். ஓட்டுபவர் ரோட்டைப் பார்க்கட்டும், லேப்டாப்பைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். இசியூ கேட்ட பூஸ்டும் கிடைத்த பூஸ்டும் இரண்டு வளைகோடுகளாக வரும். 100 மில்லிபார் முன்னே பின்னே ஆடினால் சாதாரணம். கேட்டதையே ஒட்டிப் போய், நடுவில் 300, 400 தாண்டிக் குதித்து இறங்கினால், கூடுதல் பூஸ்டைக் கேட்டுவிட்டு ஆக்சுவேட்டர் அட்டவணையைத் திருத்தாமல் விட்ட ஃபைல். டியூனரிடம் அந்த லாக்கைக் காட்டுங்கள். லாக் பார்க்கத் தெரியாத டியூனர் என்றால் ஒரிஜினல் ஃபைலைப் போட்டுக்கொண்டு வணக்கம் சொல்லிவிடுங்கள்.

மலையில் மட்டும் இந்தக் கோடு வருகிறதா? கீழே ஒழுங்காக இருந்து கோத்தகிரி தாண்டியதும் வந்தால், காரணம் உயரம். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய கால்பங்கு குறைவு. அதே மொத்த அழுத்தத்தை எட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். கம்பெனி ஃபைலில் உயரத்துக்கு ஏற்பப் பூஸ்டைக் குறைக்கும் அட்டவணை இருக்கும். அதைத் தட்டையாக்கிவிடும் டியூனர்கள் இருக்கிறார்கள். இந்த வண்டியை அப்படியே மலை ஏற்றினால் டர்போவின் ஆயுள் குறையும். திருத்தும் வரை மேலே அழுத்தாதீர்கள்.

### பி 0087: ரெயில் பிரஷர் இல்லை

டீசல் ஃபில்டர். முதல் சந்தேகமும் அதுதான், இரண்டாவதும் அதுதான். ரீமேப் அதிக டீசலைக் கேட்கிறது, ஃபில்டர் அதே பழைய ஃபில்டர். போர்வெல்லுக்கும் டிராக்டருக்கும் வாங்கிவைத்த கேன் டீசலை ஊற்றும் பழக்கம் இருந்தால் ஃபில்டர் அடியில் உள்ள திருகைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் தனியாக நிற்கும்.

புது ஃபில்டர் போட்டும் முழு அழுத்தத்தில் பிரஷர் விழுந்தால் இன்ஜெக்டர் லீக்பேக் சோதனை: நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் நான்கு பாட்டிலில் விட்டு ஐட்லிங்கில் சில நிமிடம் ஓட்டுங்கள். ஒன்றில் மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மூன்று பங்கு நிரம்பினால் அந்த இன்ஜெக்டர். நான்கும் சமமாகக் குறைவாக வந்தால் ஹை பிரஷர் பம்ப்பும் பிரஷர் வால்வும் மிச்சம். இங்கிருந்து பெஞ்ச் இருக்கும் டீசல் பம்ப் கடையின் வேலை. நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரித் தொழிலால் இந்தக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. காமன்ரெயில் பெஞ்ச் இருக்கிறதா என்று மட்டும் போனில் கேட்டுவிட்டுப் போங்கள். ரெயில் யூனியனை எஞ்சின் ஓடும்போது லூஸ் பண்ணிப் பார்க்கும் பழைய வித்தையைச் செய்ய வேண்டாம். ஐட்லிங்கிலேயே 300 பார் அக்கம்பக்கம் இருக்கும், அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

### கோடு எதுவுமே இல்லை, ஆனால் இழுவை இல்லை

ஏர் ஃபில்டர், ஏர்ஃப்ளோ சென்சார், பிரேக் ஸ்விட்ச். மூன்றாவதைப் பலர் யோசிப்பதில்லை. பிரேக் மிதித்திருக்கிறது என்று இசியூ நினைத்தால் ஆக்சிலரேட்டரை அது மதிக்காது. பின் விளக்கு எரிந்தே கிடக்கிறதா என்று ஒரு ஆளை நிறுத்திப் பாருங்கள்.

## அறிகுறி 2: கரும்புகை

டீசலில் முழு அழுத்தத்தில் மெல்லிய நிழல் போல வந்து மறைந்தால் விட்டுவிடலாம். பின்னால் வரும் பைக்காரர் முகத்தை மூடும் அளவுக்கு வந்தால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம்.

காற்றுப் பக்கம்: ஏர் ஃபில்டர், மேலே சொன்ன ஓஸ் சோதனை, ஏர்ஃப்ளோ சென்சார், திறந்தே சிக்கிய ஈஜிஆர் வால்வு (புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்புவது). டீசல் பக்கம்: இன்ஜெக்டர். இரண்டும் சரியாக இருந்து, ஒரிஜினல் ஃபைல் போட்டதும் புகை நின்றால் காற்றுக்கு மேல் டீசல் போகாமல் தடுக்கும் ஸ்மோக் லிமிட்டரைத் திறந்துவிட்ட ஃபைல். புகை வந்தால்தான் பவர் என்று நம்புகிறவர்கள் நம்மூரில் இன்னும் இருக்கிறார்கள். புகையாகப் போவது எரியாத டீசல். அது பவரும் இல்லை, மைலேஜும் இல்லை. அதோடு வெளியேறும் காற்றின் சூடு ஏறும். டீசலில் டர்போவுக்கு முன்னால் 750 டிகிரிக்கு மேல் தொடர்ந்து நின்றால் டர்பைன் பக்கமும் பிஸ்டன் தலையும் தாங்காது. திருத்தச் சொல்லுங்கள், அதுவரை ஒரிஜினலில் ஓட்டுங்கள்.

நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது: அறிகுறி 6-க்குப் போங்கள். வெள்ளைப்புகை காலையில் மட்டும் வந்தால் குளோ பிளக், இன்ஜெக்டர். சூடான பிறகும் வந்து கூலன்ட்டும் குறைந்தால் அறிகுறி 5.

## அறிகுறி 3: ஆர்பிஎம் எகிறுகிறது, வேகம் ஏறவில்லை

கிளட்ச். நான்காவது கியரில் 50 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டே ஒரேயடியாக அழுத்துங்கள். முள் தனியாகத் துள்ளி ஏறி, வண்டி பின்னால் வந்தால் பிளேட் வழுக்குகிறது. முதலில் பெடலின் வெறும் ஆட்ட அளவையும் (ஃப்ரீ ப்ளே), கேபிள் உள்ள வண்டியில் கேபிளையும் பாருங்கள். அது சரி என்றால் செட் மாற்றத்தான் வேண்டும். கழற்றும்போது ஃப்ளைவீலையும் பார்க்கச் சொல்லுங்கள். டூயல் மாஸ் ஃப்ளைவீல் உள்ள வண்டியில் ஐட்லிங்கில் கடகடவென்ற சத்தம் கிளட்சை மிதித்ததும் மாறினால், அல்லது அணைக்கும்போது ஒரு உலுக்கல் இருந்தால், அதுவும் போகும் நிலையில்தான். இரண்டு தடவை கியர்பாக்ஸை இறக்குவது கூலிக்குக் கேடு.

டர்போ டீசல் ரீமேப்பில் கிளட்சைக் கொல்வது குதிரைத்திறன் அல்ல, கீழ் ஆர்பிஎம்மில் திடீரென வரும் டார்க் (சுழற்றும் விசை). 1500-இலேயே முழு டார்க்கைக் கொட்டும் ஃபைல் ஓட்ட சுகமாக இருக்கும், கிளட்ச் பாவம். 2000 வரை படிப்படியாக ஏறும்படி மாற்றித்தரச் சொல்லுங்கள். வித்தியாசம் உங்கள் காலுக்குப் பெரிதாகத் தெரியாது.

டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. போலோ ஜிடி டிஎஸ்ஐ போன்றவற்றில் வந்த ஏழு கியர் உலர் கிளட்ச் டிகியூ200 கியர்பாக்ஸின் டார்க் வரம்பு 250 நியூட்டன் மீட்டர். எஞ்சின் ஃபைல் அதைத் தாண்டினால், முதல் இரண்டு கியரில் நடுக்கம், மேட்டில் ஊர்ந்து போகும்போது கருகிய வாசனை, கியர் விளக்கு மின்னுவது என்று வரிசையாக வரும். இதை ரோட்டோரத்தில் கழற்ற முடியாது. கிளட்ச் செட்டுக்கான சிறப்புக் கருவியும் அடாப்டேஷன் (புது கிளட்சைக் கியர்பாக்ஸுக்குப் பழக்குவது) செய்யும் ஸ்கேனரும் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும்.

## அறிகுறி 4: பெட்ரோல் டர்போவில் டிக் டிக் சத்தம், குலுங்கல், மதியத்தில் மட்டும் மந்தம்

டீசல்காரர்கள் இதைத் தாண்டிவிடலாம். பெட்ரோல்காரர்கள் நின்று படியுங்கள், எஞ்சினே போகும் இடம் இதுதான்.

காலையில் பறந்து, சித்திரை வெயிலில் கரூர் ரோட்டில் மந்தமாகிறது என்றால், இசியூ நாக்கிங்கை (கலவை தாறுமாறாக வெடிக்கும் தட்டல்) கேட்டு, பொறி விடும் நேரமான இக்னிஷன் டைமிங்கைப் பின்னால் இழுக்கிறது. ஸ்கேனரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் எத்தனை டிகிரி இழுக்கிறது என்று தெரியும். எப்போதாவது ஒன்றிரண்டு டிகிரி என்றால் விடுங்கள். நான்கைந்து டிகிரி தொடர்ந்து நின்றால் நிறுத்திப் பாருங்கள்.

ஒரு சிலிண்டரில் மட்டும் இழுக்கிறது: பிளக், காயில், இன்ஜெக்டர். பி 0301 முதல் பி 0304 வரையிலான மிஸ்ஃபயர் கோடும் இருந்தால் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோடும் கூடவே இடம் மாறினால் காயில். மாறாவிட்டால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கூடுதல் பூஸ்டில் பொறி ஊதி அணைந்துவிடும், அதனால் ரீமேப் வண்டியில் பிளக் இடைவெளியைக் கம்பெனி அளவைவிடக் கொஞ்சம் குறைத்து வைப்பார்கள். பீங்கானில் மிளகு தூவியது போலக் கருப்புப் புள்ளியோ, பளபளவென்று அலுமினியத் துகளோ தெரிந்தால் வண்டியை அதற்கு மேல் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பிஸ்டன் உருகத் தொடங்கியிருக்கிறது. கம்ப்ரஷன், லீக்டவுன் இரண்டு சோதனையும் தெரிந்த எஞ்சின் ஆளிடம் டோ செய்து கொண்டுபோங்கள்.

எல்லா சிலிண்டரிலும் இழுக்கிறது: பெட்ரோல், சூடு, ஃபைல் என்ற வரிசை. பிஎஸ் 6 விதி 2020-இல் வந்தபோது கேட்டது சாதாரண பெட்ரோலுக்குக் குறைந்தது 91 ஆக்டேன், பிரீமியத்துக்கு 95. ஐரோப்பாவில் சாதாரணமே 95, மேல் ரகம் 98. அங்கே 98-க்கு எழுதிய ஸ்டேஜ் ஒன் ஃபைலை அப்படியே வாங்கி இங்கே ஏற்றுவது நடக்கிறது. ஒரு டேங்க் முழுக்க உயர் ஆக்டேன் போட்டு லாக் எடுங்கள். டைமிங் சீராகிவிட்டால் ஃபைல் நம்மூர் பெட்ரோலுக்கு எழுதியதல்ல. எத்தனால் கலப்பு ஆக்டேனை உயர்த்தும் என்பது உண்மை. ஆனால் எத்தனாலில் எரிசக்தி குறைவு, அதே வேலைக்கு இன்ஜெக்டர் அதிக நேரம் திறக்க வேண்டும். இ20 (20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்) வருவதற்கு முன் எழுதி, இன்ஜெக்டரை எல்லை வரை இழுத்துவிட்ட ஃபைல் என்றால் மேல் ஆர்பிஎம்மில் பெட்ரோல் போதாமல் போகும். ஸ்கேனரில் ஃபியூல் ட்ரிம் (இசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருத்தம்) எப்போதும் பிளஸ்ஸிலேயே நிற்கிறதா என்று பாருங்கள்.

சூட்டுக்கு உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையைப் பாருங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் வெளி வெப்பத்தைவிட 10, 15 டிகிரி கூட இருக்கலாம். 38 டிகிரி நாளில் 70 காட்டினால் இன்டர்கூலர் அடைத்திருக்கிறது.

ஓட்டும் முறையும் உண்டு. ஆறாவது கியரில் 1300 ஆர்பிஎம்மில் போய்க்கொண்டே கியர் குறைக்காமல் முழுதாக மிதிக்காதீர்கள். நேரடி இன்ஜெக்ஷன் டர்போ பெட்ரோலில் பொறி வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் ஆபத்து அந்த இடத்தில்தான் அதிகம். ஒரே அடியில் பிஸ்டன் வளையக் கரையை உடைக்கும். இரண்டு கியர் குறைத்துவிட்டு அழுத்துங்கள்.

## அறிகுறி 5: மலையில் டெம்பரேச்சர் ஏறுகிறது

ஆழியாரில் இருந்து வால்பாறைக்கு 40 கொண்டைஊசி, காரவள்ளியில் இருந்து கொல்லிமலைக்கு 70. இரண்டும் குறைந்த வேகம், நிறைய அழுத்தம், முன்னால் காற்றே இல்லை. கீழே தெரியாத கூலிங் குறை இங்கே தெரியும்.

நம்ம பக்கத்துக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. திருப்பூர், பல்லடம், சோமனூர் வண்டிகளில் பஞ்சு. பொள்ளாச்சி வண்டிகளில் தென்னை நார்த் தூசு. முன்னால் இருந்து பார்த்தால் ஏசி கண்டென்ஸர் சுத்தமாக இருக்கும். அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள், மெத்தை போலப் படிந்திருக்கும். பின்பக்கத்தில் இருந்து, குறைந்த அழுத்தத் தண்ணீரில் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸில் பிரஷர் துப்பாக்கியைக் கிட்டே வைத்து அடித்தால் இதழ்கள் மடங்கி, அடைப்பு நிரந்தரமாகிவிடும்.

அதற்கப்புறம் ஃபேன் இரண்டு வேகத்திலும் ஓடுகிறதா, கூலன்ட் மூடியின் ரப்பர், தெர்மோஸ்டாட். தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியாக இருந்தால் கூலன்ட் முழுக்க மாற்றம். இவையெல்லாம் சரியாக இருந்தும் ஏறினால், காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்தில் மேல் ரேடியேட்டர் ஓஸைப் பிடித்துப் பாருங்கள். சூடாகும் முன்பே கல் போல இறுகினால் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் வருகிறது. நீல மருந்து வைத்த சோதனைக் குழாயைக் கூலன்ட் டேங்கில் வைத்தால் மருந்து பெட்ரோல் வண்டியில் மஞ்சளாகவும் டீசல் வண்டியில் பச்சையாகவும் மாறும். ஹெட் கேஸ்கட். இனி ஓட்டிப் பார்க்க வேண்டாம், டோ.

## அறிகுறி 6: டர்போவில் விசில், சைரன், ஆயில்

புதிதாக விசில் வந்தால் முதலில் ஓஸ் கசிவு. சைரன் போல ஏறி இறங்கும் ஊளை வந்தால் டர்போ ஷாஃப்ட். எஞ்சின் ஆறிய பிறகு காற்று உள்ளே போகும் ஓஸைக் கழற்றி, இம்பெல்லர் நட்டை விரலால் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருக்கும், ஆயில் படலத்தில் மிதக்கும் பேரிங் என்பதால் அது இயல்பு. முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் விரலுக்குத் தெரியக்கூடாது. இறகு சுவரில் உரசிய கோடு தெரிந்தால் முடிந்தது.

டர்போவை மாற்றும் முன் அது ஏன் போனது என்று கேளுங்கள். ஆயில் வரும் பாஞ்சோ போல்ட்டும் குழாயும் கரியில் அடைத்திருந்தால் புது டர்போவும் சில வாரத்தில் போகும். குழாயையும் சேர்த்து மாற்றுங்கள். ரீமேப் வண்டிக்குக் கம்பெனி சொன்ன 10,000 கி.மீ. ஆயில் இடைவெளியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 7,000-க்குள் மாற்றிவிடுங்கள், மேனுவலில் சொன்ன தரத்திலேயே. மலை ஏறி முடித்ததும் படக்கென்று அணைக்காமல் ஒரு நிமிடம் ஐட்லிங்.

## அறிகுறி 7: பிஎஸ் 6 டீசலில் ஆயில் அளவு கூடுகிறது

ஆயில் குறைந்தால் கவலைப்படுவார்கள், கூடினால் சந்தோஷப்படுவார்கள். கூடுவதுதான் மோசம். புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டரை எரித்துச் சுத்தம் செய்யத் தாமதமாகப் பீச்சும் டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்குகிறது. குறுகிய ஓட்டம் ஒரு காரணம், கரும்புகை ஃபைல் இன்னொரு காரணம். கரி அதிகமானால் எரிப்பும் அடிக்கடி நடக்கும். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். டீசல் வாசனையோடு மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் ஓட்டாமல் ஆயிலை மாற்றி, ஸ்கேனரில் டிபிஎஃப் கரி அளவைப் பார்த்து, சர்வீஸ் ரீஜெனரேஷன் (ஸ்கேனர் வழியாகக் கரியை எரிப்பது) செய்யக்கூடிய இடத்துக்குப் போங்கள்.

"டிபிஎஃப்பைத் தூக்கிடலாமுங்க, தொல்லை விட்டுது" என்று யோசனை சொல்வார்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கம்பெனி அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. புகைச் சோதனை, இன்சூரன்ஸ் க்ளெய்ம், மறுவிற்பனை என்று பின்னால் இழுத்துக்கொண்டே வரும். நான் செய்து கொடுப்பதில்லை.

## அறிகுறி 8: சர்வீஸ் விட்டு வந்ததும் பழைய வண்டி ஆகிவிட்டது

ஷோரூமில் இசியூ சாஃப்ட்வேரை அப்டேட் செய்திருப்பார்கள், உங்கள் ஃபைல் மேலே எழுதி அழிந்திருக்கும். பழுது இல்லை. பழைய ரீமேப்பை அப்படியே திரும்ப ஏற்றச் சொல்லாதீர்கள். புது சாஃப்ட்வேர் எண்ணைப் படித்து, அதன் மேல் புதிதாக எழுத வேண்டும். வாரன்ட்டி உள்ள வண்டி என்றால், ஃபைலை எத்தனை தடவை எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பல இசியூக்கள் எண்ணி வைத்திருக்கும். ஒரிஜினலைப் போட்டுக்கொண்டு போனால் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

## அறிகுறி 9: ஃபைல் ஏற்றும்போது நின்றுபோய், வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை

சாவியைத் திரும்பத் திரும்பப் போட்டு எடுக்காதீர்கள், பேட்டரியையும் கழற்றாதீர்கள். லேப்டாப்பில் என்ன பிழை காட்டுகிறது, எத்தனை சதவீதத்தில் நின்றது என்பதைப் படம் எடுங்கள். பேட்டரி வோல்டேஜ் 12.5-க்குக் கீழ் இருந்தால் முதல் காரணம் அதுதான். ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓடியே பேட்டரியை இறக்கிவிடும். சீரான 13 வோல்ட் தரும் சப்ளையை மாட்டி, கருவியில் ரெக்கவரி வழி இருந்தால் ஒரே ஒரு முறை முயலலாம்.

அதிலும் வராவிட்டால் இசியூவைக் கழற்றி பெஞ்சில் வைத்து எழுத வேண்டும். அதற்கென்று இருக்கும் இசியூ ரிப்பேர் ஆளிடம், உங்கள் ஒரிஜினல் ஃபைலோடு கொடுங்கள். கோவை உக்கடத்தில் பழைய இசியூ வாங்கி மாட்டிவிடலாம் என்று கிளம்பாதீர்கள். திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் உங்கள் சாவியை ஏற்காது, அதன் டேட்டாவையும் உங்கள் இசியூவில் இருந்து வாங்கிய இசியூவுக்கு மாற்றி எழுதினால்தான் வண்டி ஓடும். உங்கள் இசியூவை ரிப்பேர் செய்வதைவிட அதற்குச் செலவு கூட.